முட்டை வண்டியில் போன செவலை

நாய்க்குச் சொறி வந்துவிட்டால் தெருவில் ஆளுக்கொரு வைத்தியர் முளைத்துவிடுவார்கள். சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் சந்துக்குள் மட்டும் என் காதில் விழுந்தவை இவை: வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசு. வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவு. பினாயில் தண்ணீரில் குளிப்பாட்டு. கறி போடுவதை நிறுத்து, அது உடம்புச் சூடு. எதிர்வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், "ஏற்காடு அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு தம்பி, கொழந்தை இருக்கிற வீடு" என்றார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய ஆயிலை மட்டும் எந்த நாய்க்கும் தடவிவிடாதீர்கள். நாய் உடம்பை நக்காமல் இருக்காது, தடவியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். ஏற்கெனவே புண்ணான தோல் இன்னும் வெந்துபோகும். பினாயிலுக்கும் இதே கதைதான்.

எங்கள் நாயின் பெயர் செவலை. நாட்டு நாய், பெண். மூக்கனேரிக் கரையில் கிடந்ததைக் குட்டியாகத் தூக்கி வந்தோம். ஏழெட்டு மாதம் ஆனபோது கண்ணைச் சுற்றி வட்டமாக முடி கொட்டியது. அப்புறம் வாயோரம், அப்புறம் முன்னங்கால்கள். ஆரம்பத்தில் அரிப்பே பெரிதாக இல்லை. கால் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்து, சீழ் வைத்த பிறகுதான் ராத்திரி முழுக்கக் கடித்துக்கொண்டு கிடந்தது.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக் கொண்டுபோனோம். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்து அலர்ஜி என்றார்கள். ஒரு ஊசி, ஒரு ஷாம்பு, முடி வளர ஒரு டானிக். எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பட்டறைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது, ஆக அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஊசி போட்ட மறுநாளே அரிப்பு நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் அரிப்பு திரும்பி வந்தபோது கண்ணையும் காலையும் தாண்டி வயிறு, தொடை என்று பரவியிருந்தது.

அந்த ஊசி ஸ்டீராய்டு என்பது பின்னால் வேறொரு டாக்டர் சீட்டைப் படித்துச் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று இல்லை. நிஜமான அலர்ஜிக்கு அதுதான் சட்டென்று நிம்மதி கொடுக்கும். ஆனால் தோலுக்குள் பூச்சி இருக்கும்போது போட்டால், பூச்சியை அடக்கி வைத்திருக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குறைந்துவிடும். அரிப்பு நின்றதுபோல் இருக்கும், பூச்சி பெருகிக்கொண்டே போகும். அதனால் எங்கே போனாலும், ஊசி போடும்போது "இது என்ன மருந்துங்க, ஸ்டீராய்டா?" என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அந்தச் சீட்டு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்து அரசு கால்நடை மருந்தகம். இதைப் பற்றிப் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு, அங்கே மாடு, ஆடுதான் பார்ப்பார்கள் என்று. நாயும் பார்ப்பார்கள், பூனையும் பார்ப்பார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. நேரமானால் டாக்டர் சினை ஊசிக்கோ, கன்று போடச் சிரமப்படும் மாட்டுக்கோ ஊருக்குள் கிளம்பிவிடுவார். எங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளாடும் கூடையில் ஒரு சேவலும் இருந்தன. செவலையைப் பார்த்ததும் ஆட்டுக்காரப் பெரியவர் ஆடுகளை இழுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த டாக்டர் சேர்ந்தாற்போல் கேள்வி கேட்டார். எந்த இடத்தில் முதலில் முடி கொட்டியது? அரிப்பு முதலில் வந்ததா, முடி கொட்டியது முதலிலா? வீட்டில் யாருக்காவது அரிப்போ, வட்டமாகப் படையோ இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியமாம். நாய்ச் சொறியில் பல வகை. சார்காப்டஸ் என்ற பூச்சியால் வருவது மனிதர்களுக்கும் ஒட்டி அரிப்பு உண்டாக்கும். காது ஓரமும் முழங்கையும் அதற்குப் பிடித்த இடங்கள். படைப் பூஞ்சையும் ஒட்டும், குழந்தைகளுக்குச் சுலபமாக வரும். டெமோடெக்ஸ் ஒட்டாது. தாய் பால் கொடுக்கும் நாட்களிலேயே குட்டிக்கு வந்துவிடும் பூச்சி அது. எல்லா நாயின் முடிக்காலிலும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி சரியில்லாத இளம் நாய்களில்தான் அளவுக்கு மீறிப் பெருகும்.

"பாத்தா டெமோடெக்ஸ் மாதிரிதாங்க இருக்கு. ஆனா சுரண்டிப் பாக்காம நான் மருந்து எழுத மாட்டேன். இங்க மைக்ராஸ்கோப் இல்லீங்க, நாமக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். சீழுக்கு மட்டும் ஒரு மருந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் ஆரம்பித்தது. மோகனூர் ரோட்டில் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே அங்கே பெரிய சிகிச்சை வளாகம் நடக்கிறது. ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு தலைவாசல் கல்லூரி வசதிப்படும். அங்கே என்னென்ன பார்க்கிறார்கள் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருமே என்று சிலர் கேட்டார்கள். வரும்தான். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு அது போக வேண்டிய நேரத்தில் நம் நாயின் சொறிக்குக் கூப்பிடுவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் செலவு பிடிப்பது வண்டிதான். சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை, முடி கொட்டிய நாயை ஏற்றாததற்கு அவரையும் குறை சொல்ல முடியாது. ஆட்டோவோ காரோ பேசினால் போக வர ஆகும் காசுக்கு ஒரு மாத மருந்து வாங்கிவிடலாம். எக்ஸெல் மொபெட்டில் முன்னால் தக்காளி டிரே கட்டி உட்கார வைத்து உள்ளூர் மருந்தகத்துக்குப் போனேன், அந்த வித்தை பைபாஸில் நடக்காது. கடைசியில் என் மச்சான் கைகொடுத்தார். அவர் சேலத்துக் கடைகளுக்கு முட்டை போடுகிறவர். நாமக்கல்லுக்குக் காலையில் காலி வண்டிதானே போகிறது. கேபினில் என் காலடியில் சாக்கை விரித்துச் செவலையைப் படுக்கப் போட்டு, மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாகப் போய் இறங்கினோம். உங்களுக்கு முட்டை வண்டி இல்லாவிட்டால் பால் வண்டி, காய்கறி லோடு, கோழித் தீவன வண்டி என்று ஏதாவது ஒன்று அந்த ரோட்டில் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேட்டுப் பாருங்கள். இரண்டு நாய்க்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொண்டு போனதையும் அங்கே பார்த்தேன்.

கல்லூரியில் பதிவுச் சீட்டுக்குக் கொஞ்சம் காசு கட்டினோம். வெளியே ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் பணம்கூட ஆகவில்லை. நேரம்தான் எடுக்கும். முதலில் மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள், பிறகு பேராசிரியர் வந்து அவர்களைக் கேள்வி கேட்பார், அதற்குப் பிறகுதான் நம்மிடம் வருவார். எனக்கு அது பிடித்திருந்தது. பேராசிரியர் முன்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற பயத்திலேயே அந்தப் பிள்ளைகள் வால் நுனிவரை ஒரு இடம் விடாமல் பார்க்கிறார்கள். காது மடலைத் தேய்த்துப் பார்த்தார்கள். தேய்க்கும்போது பின்னங்கால் தானாக உதைத்தால் சார்காப்டஸ் என்று சந்தேகப்படலாமாம்.

அப்புறம் அந்தச் சுரண்டல். நான் பயந்த அளவுக்கு இல்லை. முன்னங்காலில் முடியைக் கத்தரித்துவிட்டு ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய் விட்டார்கள். அந்த இடத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்து நன்றாகப் பிதுக்கினார்கள். முடிக்காலின் அடியில் இருக்கும் பூச்சி மேலே வர வேண்டுமே, அதற்காக. பிளேடின் முனையால் ஒரே திசையில் வழித்துக்கொண்டே போய், பொடியாக ரத்தம் கசிந்ததும் நிறுத்தினார்கள். ரத்தம் வரும்வரை ஆழமாகச் சுரண்டாவிட்டால் டெமோடெக்ஸ் கிடைக்காமல் போய்விடும் என்று மாணவி ஒருத்தி சொன்னாள். செவலை ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். வழித்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, "அண்ணா, நீங்களும் பாருங்க" என்று கூப்பிட்டாள். சுருட்டு மாதிரி நீளமாக, முன்பக்கம் மட்டும் குட்டையான எட்டுக் கால்களோடு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. தகட்டை நகர்த்த நகர்த்த இன்னொன்று, இன்னொன்று. இத்தனை நாளும் என்னென்னவோ பூசச் சொன்னார்களே, பூச்சி இருந்த இடத்தை ஒன்றும் எட்டியிருக்காது.

அதற்குப் பிறகு மருந்துப் பேச்சு. இங்கே நான் ஒன்றை வெட்கப்படாமல் செய்தேன். என்னால் மாதத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையைச் சொல்லி, அதற்குள் என்ன வழி இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. மூன்று வழிகளையும் அவற்றின் வில்லங்கங்களையும் சொன்னார்.

அமிட்ராஸ் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் நனைத்துக் காயவிடுவது பழைய முறை. விலை குறைவு. ஆனால் "வீட்ல யாருக்காவது சக்கரை இருக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கு இருக்கிறது. செவலையைக் குளிப்பாட்டுவதும் அம்மாதான். அந்த மருந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கையாளவே கூடாதாம். அதோடு அந்த வழி அடைபட்டது.

இரண்டாவது ஐவர்மெக்டின் மாத்திரை. இதுவும் மலிவு. தினமும் கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவை ஏற்ற வேண்டும். தள்ளாட்டம், வாந்தி வந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும். கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் ஒரு மரபணுக் கோளாறால் இந்த மருந்து மூளைக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கித் தாங்களே நாய்க்குப் போட்டுவிட்டு, நாய் சுருண்டு விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு என்றார்.

மூன்றாவது, உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரை வகை. பிரேவெக்டோ, நெக்ஸ்கார்ட் என்ற பெயர்களில் கிடைப்பவை. நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று. பிரேவெக்டோ ஒன்று கொடுத்தால் 12 வாரம் வேலை செய்யும். செவலையின் எடைக்கு 2,000 ரூபாயைத் தாண்டியது. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் 12 வாரத்துக்குப் பிரித்துப் போட்டால் வாரத்துக்கு 200 ரூபாய்க்குள்தான் வருகிறது, உண்ணி மருந்து தனியாக வாங்க வேண்டாம், தினமும் மாத்திரையோடு மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. அதையே எழுதச் சொன்னேன். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகை மாத்திரையால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்து நிர்வாகமே 2018-ல் எச்சரித்திருக்கிறது.

எடை சரியாகத் தெரிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். மாத்திரைகள் எடைவாரியாக வருகின்றன. முதல் கிளினிக்கில் பார்வையிலேயே 15 கிலோ என்று எழுதியிருந்தார்கள். நிறுத்துப் பார்த்தால் 11. வீட்டில் எடை மெஷின் இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் ஏறும்.

சீழுக்கு செஃபலெக்சின் எழுதினார்கள். இது மனிதர்களுக்கும் கொடுக்கும் மருந்துதான். அதனால் சீட்டில் மருந்தின் மூலப் பெயரையே எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் வாங்கினேன். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரிக்கலாம். வெளியே வாங்குவதைவிட எனக்கு விலை நன்றாகவே குறைந்தது. இதில் ஒரே விஷயம், புண் ஆறியதுபோல் தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. தோலில் சீழ் என்றால் குறைந்தது மூன்று வாரம், அதுவும் புண் முழுக்க ஆறிய பிறகு இன்னும் ஒரு வாரம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கூடவே கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவும் எழுதினார்கள். போட்டவுடனே கழுவிவிட்டால் காசு சாக்கடைக்குப் போகிறது. நுரையோடு பத்து நிமிடம் ஊற வேண்டும். மொட்டைமாடியில் செவலையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பது இருக்கிறதே, அது ஒரு யுகம். உதறி உதறி என் சட்டைதான் நன்றாகச் சுத்தமாகும். நெய் தடவிய கரண்டியை நக்கக் காட்டிக்கொண்டே அம்மா சமாளித்தார். ஷாம்புவை நேராக ஊற்றாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் பாதிதான் செலவாகும். முடியை முன்னாலேயே ஒட்டக் கத்தரித்துவிட்டால் இன்னும் குறையும்.

செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்னவற்றில்தான் அதிகம் மிச்சமானது. பாயையும் துணியையும் எரிக்க வேண்டியதில்லை, இந்தப் பூச்சி தரையில் வாழ்வதில்லை. கறியை நிறுத்த வேண்டியதில்லை, டெமோடெக்ஸுக்கும் கோழிக்கறிக்கும் சம்பந்தமில்லை. முடி வளர டானிக் வேண்டாம், பூச்சி ஒழிந்தால் முடி தானே வளரும். ஆயிரக்கணக்கில் விற்கும் தோல் வியாதி பிஸ்கட் மூட்டையும் வேண்டாம். "வீட்டுச் சோத்தோட தினம் ஒரு முட்டை அவிச்சுப் போடுங்க" என்றார்கள். மச்சானிடம் கீறல் விழுந்த முட்டை தினமும் ஒதுங்கும், அதைச் செவலைக்கு என்று எடுத்து வைத்துவிடுகிறார்.

மாத்திரை கொடுத்த சில வாரங்களில் கால் புண் காய்ந்தது. கண்ணைச் சுற்றிப் பூனை முடியாக வளர ஆரம்பித்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். முடி வந்துவிட்டது என்றால் பூச்சி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாதம் ஒருமுறை சுரண்டிப் பார்த்து, தொடர்ந்து இரண்டு முறை பூச்சி இல்லை என்று வந்தால்தான் மருந்தை நிறுத்த வேண்டும். அதற்கும் முட்டை வண்டியிலேயே போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், அதே இடங்களைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். படத்தைக் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

என் அக்கா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறாள். செவலை தேறியதைப் பார்த்துவிட்டு, "எங்க டைகருக்கும் சொறிடா, அந்த மாத்திரை பேரை அனுப்பி விடு" என்று போன் செய்தாள். படம் அனுப்பச் சொன்னேன். பார்த்தாலே வேறு மாதிரி இருந்தது. முடி கொட்டவில்லை, கழுத்தடியும் அக்குளும் கறுத்துத் தடித்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தன. புளித்த நாற்றம் வேறு என்றாள். பெயரை அனுப்பவில்லை, கோபித்துக்கொண்டாள். அப்புறம் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி எடுத்து, சாயம் போட்டுப் பார்த்து, மலசீசியா என்கிற ஈஸ்ட் பூஞ்சை என்று சொல்லியிருக்கிறார். மலையில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம், காபிச் செடிக்குள் புகுந்து வரும் நாய் காயவே காயாது. ஈரம் தங்கும் மடிப்புகளில் அது பெருகிவிடும். மைகோனசோல் கலந்த ஷாம்புவும், நனைந்து வந்தால் பழைய துணியால் அக்குள்வரை துடைத்துவிடுவதும்தான் வைத்தியம். என் 2,000 ரூபாய் மாத்திரை டைகரின் பூஞ்சையை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் எஸ்டேட்டில் உண்ணிக்குக் குறைவில்லை, அதற்கு வேண்டுமானால் தனியாகக் கேட்டுக்கொள் என்றேன்.

செவலைக்கு அடுத்து கருத்தடை. பருவத்துக்கு வரும்போது ஹார்மோன் மாற்றத்தில் டெமோடெக்ஸ் திரும்பிவிடும் வாய்ப்பு உண்டு. இந்தக் குறைபாடு குட்டிகளுக்கும் போகும் என்பதால் குட்டி போட விடவும் கூடாது. புண் முழுக்க ஆறி, இரண்டாவது முறையும் பூச்சி இல்லை என்று வந்த பிறகு தேதி கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்குகளில் விசாரித்தால் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் சொல்கிறார்கள். கேட்கும்போது மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, தையல் பிரிப்பது எல்லாம் அதில் அடக்கமா என்று சேர்த்துக் கேளுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைக் கடையில் வாங்க வேண்டாம். அம்மாவின் பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுருட்டி, ஓரத்துக்குப் பருத்தித் துணி வைத்துத் தைத்துவிட்டோம், போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.